இரட்சணிய யாத்திரிகத்தில் தாழ்மை

இரட்சணிய யாத்திரிகம் என்பது எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியம். 1894-ஆம் ஆண்டில் நூல் வடிவம் பெற்றது. ஜான் பன்யன் ஆங்கிலத்தில் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் உருவகக் கதையைத் தழுவியது. தமிழில் இக்கதை ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் உரைநடையாகவும் வழங்கியது. காப்பியத்தின் மையப் பொருள் ஆன்ம மீட்பு. அந்த மீட்பின் பாதை நெடுகிலும் தொடர்ந்து வரும் பண்பு தாழ்மை. தாழ்மையுடையவன் ஏன் மகிழ்கிறான், அவன் எவ்வாறு இறைவனுக்கு அருகில் வருகிறான் என்பதைக் கிருஷ்ண பிள்ளை எப்படிக் காட்டியிருக்கிறார், அப்பார்வையின் வலிமை எது, எல்லை எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கவிஞரும் நூலும்

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் 1827 ஏப்ரல் 23 அன்று பிறந்தார். தந்தை சங்கரநாராயணர், தாய் தெய்வநாயகி அம்மையார். வைணவ வேளாளர் குடும்பம். வீட்டில் கம்பராமாயணம் வாசிக்கப்பட்டது. இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்ற அவர் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858-ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். எச். ஏ. என்னும் முன்னெழுத்துகள் அப்பெயரைக் குறிக்கும்.

காப்பியம் ‘நற்போதகம்’ என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. 3766 பாடல்கள் கொண்டது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அமைந்தது. இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களும் உள்ளன. இவருடைய பிற நூல்களுள் போற்றித் திருஅகவலும் இரட்சணிய மனோகரமும் குறிப்பிடத்தக்கவை. கம்பரின் நடையில் தோய்ந்தவர் என்பதால் இவர் ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப்படுகிறார்.

இந்த வாழ்க்கைக் குறிப்பில் தாழ்மை என்னும் பொருளுக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்தவர் ஆவதற்கு முன்பே கிருஷ்ண பிள்ளைக்கு அடியார் மொழி பழக்கமானது. முப்பது வயது வரை அவர் கேட்டதும் படித்ததும் ஆழ்வார்களின் உலகம். எனவே அவர் காப்பியத்தில் பேசும் தாழ்மை விவிலியத்திலிருந்து பொருளையும், தமிழ்ப் பக்தி மரபிலிருந்து குரலையும் பெற்றது.

தமிழ் மரபில் தாழ்மை

தமிழில் இப்பண்பைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. அடக்கம், பணிவு, எளிமை, தாழ்மை, நைச்சியம் ஆகியவை ஒன்றோடொன்று நெருங்கியவை. ஆனாலும் ஒரே பொருளுடையவை அல்ல.

திருக்குறளில் 13-ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அங்கே அடக்கம் என்பது புலன்களையும் நாவையும் கட்டுக்குள் வைக்கும் ஆளுமை. பெருமை என்னும் அதிகாரத்தில் பெரியோர் பணிவர், சிறியோர் தம்மைத் தாமே வியந்து கொள்வர் என்ற கருத்து வருகிறது. இவை சான்றோர் ஒருவரின் நற்குணத்தைச் சுட்டுகின்றன.

காப்பிய மரபில் அவையடக்கம் என்பது ஓர் உறுப்பு. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மை உவமித்துக்கொண்டார் கம்பர். இது புலவர்கள் கற்றோர் அவையின் முன் காட்டும் பணிவு.

பக்தி மரபில் நிற்பது வேறு. தொண்டரடிப்பொடி என்னும் பெயரே அதற்குப் போதிய சான்று. அடியார்களின் காலடித் தூசி என்று ஓர் ஆழ்வார் தமக்குப் பெயர் பூண்டார். மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கடையவராகக் கருதிப் பாடினார். வைணவர் இதனை நைச்சியானுசந்தானம் என்பர். தன் குறையை இறைவன் முன் எண்ணி எண்ணிச் சொல்லுதல் என்பது அதன் பொருள். இங்கே தாழ்மை நற்குணம் என்ற நிலையைக் கடந்து, இறைவனோடு பேசும் முறையாகிவிடுகிறது. கிருஷ்ண பிள்ளையின் தேவாரப் பாடல்கள் இந்த மூன்றாவது வகைக்கு நெருங்கியவை. பயணி தன் வலிமையை நம்பாமல், தன்னைத் தாங்கும்படி இறைவனிடம் இறைஞ்சும் குரலே அவற்றில் கேட்கிறது.

விவிலியம் இந்த மரபுடன் மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுளின் தன்மையில் இருந்த கிறிஸ்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவெடுத்து, சிலுவைச் சாவு வரை கீழ்ப்படிந்தார் என்ற செய்தி உள்ளது. அதாவது, முதலில் தாழ்ந்தவர் கடவுள். மனிதனின் தாழ்மை அதற்கு மறுமொழியாக வருவது. யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். பேதுரு முதலில் மறுக்கிறார். குரு தம் காலைத் தொடுவதை அவரால் தாங்க முடியவில்லை. பெரியவரின் தாழ்மையை ஏற்றுக்கொள்வதும் ஒரு தாழ்மை என்பதை அவர் அங்கே கற்கிறார்.

கட்டிய கயிறு

பன்யனின் கதையில் பயணி சிலுவையைக் காண்கிறான், அவன் சுமை கழன்று விழுகிறது. ஆனால் இயேசுவின் பாடுகள் அங்கே நெடிய வரலாறாகச் சொல்லப்படவில்லை. கிருஷ்ண பிள்ளை இவ்விடத்தில் மூலநூலை விட்டு விலகுகிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்ற பகுதியை அமைத்து, இயேசுவின் இறுதி நாட்களை விரித்துப் பாடுகிறார். மேல்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்ற பகுதியும் இதுவே.

இந்த மாற்றம் கதையின் அளவைப் பற்றியது மட்டுமன்று. பயணியின் மீட்புக்கு முன் மீட்பரின் தாழ்மை சொல்லப்பட வேண்டும் என்பது கவிஞரின் துணிபு. காரணம் தெரியாமல் சுமை விழுந்தால் அது அற்புதச் செயலாக மட்டுமே தோன்றும். யார் எவ்வளவு தாழ்ந்தார் என்பது தெரிந்தால்தான் பயணியின் மகிழ்ச்சிக்குப் பொருள் கிடைக்கும்.

அப்படலத்தில் ஓர் இடம் சிறப்பாக நோக்கத்தக்கது. பகைவர் இயேசுவைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்கின்றனர். அவர் எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்கவில்லை என்ற வினாவுக்குக் கவிஞர் தரும் விடை, அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ண வேண்டாம் என்பது. தம்மைப் பகைத்த மக்களையே நினைந்து உருகும் நேசம் என்ற பிணிப்பை அவரால் விலக்க முடியவில்லை, ஆதலால் அவர் வதைக்கு இசைந்து நின்றார் என்கிறார். கயிற்றை அறுக்கும் ஆற்றல் அவருக்கு உண்டு. அன்பை அறுக்கும் மனம் இல்லை.

தாழ்மைக்கும் இயலாமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது. வலுவற்றவன் கட்டுண்டு நிற்பது தோல்வி. வலுவுடையவன் அன்பினால் கட்டுண்டு நிற்பது தாழ்மை. வெளியில் இரண்டும் ஒன்று போலத் தோன்றுவதால்தான் சூழ்ந்து நின்றவர்கள் ஏமாந்தார்கள். முள்முடி சூட்டி, முழந்தாளிட்டு, அரசன் என்று ஏளனம் செய்தவர்களுக்குத் தெரிந்தது கயிறு மட்டுமே.

வைணவ மரபறிந்த வாசகருக்கு இவ்விடத்தில் மற்றொரு கயிறு நினைவுக்கு வரும். வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை உரலோடு சேர்த்துக் கட்டினாள். உலகை அளந்தவன் ஓர் ஆய்ச்சியின் கைக்கயிற்றுக்கு அடங்கி நின்றான். தாமோதரன் என்ற பெயர் அந்நிகழ்ச்சியால் வந்தது. மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ என்ற பிரபந்தத்தின் பெயர் அந்தக் கயிற்றையே குறிக்கிறது. திருவாய்மொழியில் இந்நிகழ்ச்சியைப் பாடும்போது நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவர் வழங்கும் செய்தி. இறைவனின் இந்த எளிமையை வைணவ உரையாசிரியர்கள் சௌலப்பியம் என்றனர்.

இரண்டு கயிறுகளுக்கும் வேறுபாடும் உண்டு. யசோதையின் கயிற்றில் தாயன்பு இருக்கிறது. கட்டியவள் நேசிப்பவள். இயேசுவைக் கட்டியவர்கள் பகைவர்கள். கண்ணனின் கதையில் அன்புடையவளுக்குக் கட்டுப்படும் இறைவனைக் காண்கிறோம். இரட்சணிய சரிதத்தில் அன்பில்லாதவர் கையில் அகப்பட்டும் அன்பை விடாத இறைவனைக் காண்கிறோம். சிலுவையில் தம்மைக் கொல்பவர்களுக்காக மன்னிப்பு வேண்டும் காட்சியில் இது நிறைவு பெறுகிறது. தமிழ் வாசகருக்குப் பழகிய ஒரு படிமத்தின் வழியாகவே கிறிஸ்தவத்தின் தனிக்கருத்து அவர் மனத்தில் இறங்குகிறது என்பது இக்காப்பியத்தின் வெற்றி.

இயேசுவின் அமைதிக்கு எதிராக இயற்கையின் பொறுமையையும் கவிஞர் நிறுத்துகிறார். இக்கொடுமையைக் கண்டும் பூமி பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்ற ஆற்றாமை அங்கே ஒலிக்கிறது. இது கம்பரிடம் கற்ற உத்தி. அரசை ஏற்கச் சொன்னபோதும் காட்டுக்குப் போகச் சொன்னபோதும் இராமனின் முகம் மாறவில்லை. அயோத்தி மக்களும் மரமும் பறவையும் அழுதன. தாழ்ந்து நிற்பவர் அமைதியாக இருக்க, அவரைச் சூழ்ந்த உலகம் கலங்குகிறது. நாயகனின் வாயால் சொல்லப்படாத துயரம் இவ்வாறு வாசகர் மனத்துக்கு வந்து சேர்கிறது.

சுமையும் மகிழ்ச்சியும்

தாழ்மை எவ்வாறு மகிழ்ச்சி தரும்? பொதுவாகத் தாழ்மை என்றதும் குனிந்த தலையும் வாடிய முகமும் நினைவுக்கு வருகின்றன. பன்யனின் கதை இதற்கு நேர்மாறான படத்தைத் தருகிறது. முதுகில் மூட்டையுடன் வந்த பயணி சிலுவையின் முன் நிற்கும்போது மூட்டை தானே கழன்று உருண்டு போகிறது. அவன் மூன்று முறை துள்ளிக் குதித்து, பாடிக்கொண்டே நடக்கிறான். மூட்டையை அவிழ்க்க அவன் முன்பு எடுத்த முயற்சிகள் எதுவும் பயன்படவில்லை. தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு வந்தவனுக்கே அது விழுந்தது.

இதன் உளவியல் எளிது. தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்ள நினைப்பவன் எப்போதும் காவல் காக்க வேண்டும். குறை வெளிப்படக் கூடாது, பிறர் முந்தக் கூடாது, மரியாதை குறையக் கூடாது. இந்தக் காவல் வேலையே சுமை. குறையை ஒளிக்காமல் இறைவன் முன் வைத்தவனுக்குக் காக்க வேண்டியது எதுவும் இல்லை. அவன் மகிழ்ச்சி, வெற்றி பெற்றவனின் மகிழ்ச்சி போன்றதன்று. வேலையிலிருந்து விடுபட்டவனின் மகிழ்ச்சி போன்றது.

விவிலியத்தில் இக்கருத்துக்குச் சான்றுகள் பல. தாழ்மையின் பெரும்பாடல் இடம்பெற்ற அதே பிலிப்பியர் நிருபம்தான், மகிழ்ந்திருங்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்லும் நிருபமும். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மரியாள் பாடும் பாட்டு, தம் தாழ்நிலையை இறைவன் நோக்கினார் என்ற காரணத்தாலேயே களிப்புறுகிறது. அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் கோயிலுக்குப் போன இருவரின் கதை வருகிறது. பரிசேயன் தன் நோன்பையும் காணிக்கையையும் பட்டியலிட்டான். ஆயக்காரன் தூரத்தில் நின்று, வானத்தை நோக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டான். இறைவனுக்கு ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் ஆயக்காரன். இறைவனுக்கு நெருக்கமாக நிற்பதாக எண்ணியவன் தொலைவில் இருந்தான், தொலைவில் நின்றவன் நெருங்கியிருந்தான்.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தில் இந்த மகிழ்ச்சியைத் தாங்குவன தேவாரப் பாடல்கள். காப்பிய விருத்தங்கள் கதையைச் சொல்ல, தேவாரங்கள் மனத்தைச் சொல்கின்றன. சம்பந்தரும் அப்பரும் ஊர் ஊராகச் சென்று பாடியது போல, இரட்சணிய யாத்திரிகமும் பாட்டோடு கூடிய யாத்திரையாகிறது. தேவாரம் என்ற பெயரையே கவிஞர் ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது. தமிழர் இறைவனைப் பாடிய முறையைத் தாழ்வாகக் கருதாமல், அதன் வரிசையில் தம் பாடல்களையும் வைக்க அவர் விரும்பினார். மொழியளவிலும் இது ஒரு பணிவு.

தாழ்மைப் பள்ளத்தாக்கு

பன்யனின் நூலின் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. பன்யன் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். முதற்பாகத்தில் பயணி ஓர் அழகிய மாளிகையில் தங்கி, ஆயுதங்கள் பெற்று, பின் தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறான். ஏறுவது கடினம் என்றால் இறங்குவது ஆபத்து என்று அங்கே சொல்லப்படுகிறது. அவன் கவனமாக நடந்தும் ஓரிரு இடங்களில் சறுக்குகிறான். பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனோடு போரிட நேர்கிறது.

இரண்டாம் பாகத்தில் அதே பள்ளத்தாக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. அது செழிப்பான நிலம், புல்வெளி நிறைந்தது, அல்லிகள் பூப்பது. அங்கே கந்தல் உடுத்த ஓர் இடையச் சிறுவன் ஆடு மேய்த்துக்கொண்டு பாடுகிறான். கீழே இருப்பவனுக்கு விழும் அச்சம் இல்லை என்பது அவன் பாட்டின் கருத்து. முதற்பாகத்தின் பயணி அங்கே போரைக் கண்டான். சிறுவனோ அங்கேயே குடியிருக்கிறான். செருக்கோடு இறங்குபவனுக்குப் பள்ளத்தாக்கு போர்க்களம், பழகியவனுக்கு அது மேய்ச்சல் நிலம்.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் முதற்பாகத்தின் கதையைப் பின்பற்றுவது. ஆகவே இடையச் சிறுவனின் எளிய களிப்பு அதன் கதைப்போக்கில் இடம்பெறவில்லை. இதனை ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும். கண்ணனின் ஆயர்பாடியை அறிந்த ஒரு கவிஞரின் கையில் அந்தச் சிறுவன் தமிழில் எத்தனை அழகாக உருப்பெற்றிருப்பான் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

யார் பெரியவர்?

கரையிருப்பிலிருந்து வடமேற்கே, திருநெல்வேலியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் சங்கரன்கோவில் உள்ளது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இங்குள்ள இறைவன் பெயர் சங்கரநாராயணர். கவிஞரின் தந்தை தாங்கிய பெயரும் அதுவே.

இத்தலத்தின் புராணம் தாழ்மை பற்றிய சிந்தனைக்குத் துணை செய்கிறது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவருள் ஒருவர் சிவனே பெரியவர் என்றும், மற்றவர் திருமாலே பெரியவர் என்றும் வாதிட்டனர். வழக்கு கோமதி அம்மனிடம் வந்தது. அம்மன் தீர்ப்புச் சொல்லாமல் தவத்தில் நின்றார். தவத்தின் முடிவில் இறைவன் ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாகக் காட்சி தந்தார். ஆடித்தபசுத் திருவிழா இதனை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. யார் பெரியவர் என்ற வினாவுக்கு விடை தர வேண்டியவரே ஒற்றைக்காலில் தவம் நின்றார் என்பது கதையின் நுட்பம்.

நற்செய்தி நூல்களிலும் இதே வினா எழுகிறது. இங்கே வாதிட்டவர்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதிட்ட சீடர்கள். மாற்கு நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு குழந்தையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். லூக்காவில் இந்த வாதம் கடைசி இராவுணவின் போதே நடக்கிறது. மறுநாள் சிலுவைக்குப் போக இருப்பவரின் பந்தியில் அமர்ந்துகொண்டு முதலிடம் பற்றிப் பேசினார்கள் என்பதில் மனித இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு கதைகளின் சமயப் பொருள் வேறு. ஆனால் பெரியவர் யார் என்ற வழக்கு வாதத்தால் தீர்வதில்லை என்பதை இரண்டுமே உணர்த்துகின்றன.

தாழ்மையும் தாழ்த்துதலும்

தாழ்மையைப் போற்றும் எந்த இலக்கியமும் ஒரு கடினமான வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் தாழ்மையைப் போதிப்பது நியாயமா? பந்தியில் கடைசி இடம், கோயிலில் வெளியிடம், தெருவில் ஒதுங்கி நடத்தல் என்று வாழ்ந்தவர்களிடம் இன்னும் தாழ்ந்து போங்கள் என்று சொன்னால், அந்த அறிவுரை மேலிருப்பவர்களுக்கே பயன்படும்.

இது கற்பனையான ஐயம் அன்று. கிருஷ்ண பிள்ளையின் காலத்துத் தமிழ்த் திருச்சபைக்குள்ளேயே இந்த வழக்கு நடந்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை உடனே முற்றிலும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் அதை ஏற்கவில்லை. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களின் பெருங்கவிஞர். பக்தியில் உருகியவர். அவரும் சாதிப் பழக்கத்தைக் காக்கும் பக்கத்திலேயே நின்றார். இறைவன் முன் தாழ்வது எளிது, பக்கத்தில் இருப்பவரோடு சமமாக அமர்வது கடினம் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று.

மறுபுறம், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். 1859-இல் அரசாணை அந்த உரிமையை அளித்தது. கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றதற்கு அடுத்த ஆண்டு அது. தாழ்மையைப் போதித்த சமயத்தைத் தழுவிய அப்பெண்கள் தங்கள் மீது சுமத்தப்பட்ட தாழ்வை ஏற்க மறுத்தார்கள். இதில் முரண் இல்லை. தாழ்மை என்பது ஒருவர் தாமே விரும்பி இறங்குவது. தாழ்வு என்பது பிறர் அழுத்தி வைப்பது. முன்னது அன்பிலிருந்து பிறக்கிறது, பின்னது அதிகாரத்திலிருந்து.

இரட்சணிய யாத்திரிகத்தின் கயிற்றுப் படிமம் இவ்வேறுபாட்டை உறுதி செய்கிறது. அங்கே தாழ்பவர் எல்லாரினும் மேலானவர். அவரைப் பின்பற்ற வேண்டுமானால் முதலில் இறங்க வேண்டியவர் மேலே இருப்பவரே. மரியாளின் பாட்டிலும் வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுகின்றனர், தாழ்ந்தோர் உயர்த்தப்படுகின்றனர். கிறிஸ்தவத் தாழ்மை என்பது இந்த இரட்டை இயக்கம். ஒரு பாதியை மட்டும் எடுத்துப் போதித்தால் அது சிதைந்துவிடும்.

காப்பியம் இதைத் தன் சமூகத்தை நோக்கி நேரடியாகச் சொல்ல முனைவதில்லை. அதன் நாட்டம் தனி ஆன்மாவின் மீட்பிலேயே உள்ளது. படிமத்திலிருந்து பந்திக்கும் தெருவுக்கும் செல்லும் வழியை வாசகரே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் எழுதப்பட்ட ஒரு மீட்புக் காப்பியத்துக்கு இது ஒரு குறை எனலாம்.

தேம்பாவணியோடு ஒப்பீடு

தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியங்களுள் முன்னது வீரமாமுனிவரின் தேம்பாவணி. சங்கரன்கோவிலுக்கு அதிகத் தொலைவில்லாத காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய இத்தாலியத் துறவி அவர். தேம்பாவணியின் தலைவன் வளன் என்னும் சூசை, ஒரு தச்சர். காப்பியத் தலைவன் தன்னேரில்லாதவனாக இருக்க வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். மன்னர்களுக்கும் வீரர்களுக்கும் உரியதாக இருந்த அந்த இடத்தில் ஓர் உழைப்பாளியை வைத்தது தேம்பாவணியின் புதுமை. அங்கே தாழ்மை தலைவனின் வாழ்க்கை நிலையில் இருக்கிறது.

இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவனோ பெயர் பெற்ற புனிதர் அல்லர். மூட்டை சுமந்து நடக்கும் எந்த மனிதனும் அவனாகலாம். விழுகிறான், வழி தவறுகிறான், எழுந்து நடக்கிறான். தேம்பாவணி வணங்கத்தக்க தாழ்மையைக் காட்டுகிறது. இரட்சணிய யாத்திரிகம் சாதாரண மனிதன் சறுக்கிச் சறுக்கிக் கற்கும் தாழ்மையைக் காட்டுகிறது. இவ்வகையில் பிந்தையது இன்றைய வாசகருக்கு நெருக்கமானது.

மதிப்பீடு

இக்காப்பியம் இன்று முழுமையாகப் படிக்கப்படுவது அரிது. வடசொற்கள் மிகுந்த நடையும் நீளமும் வாசகரைத் தயங்க வைக்கின்றன. உருவகக் கதை என்பதால் பல பாத்திரங்கள் பண்பின் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. கம்பரைப் போலப் பாட வேண்டும் என்ற விருப்பம் சில இடங்களில் வருணனையை அளவுக்கு மேல் நீட்டுகிறது. எளிமையைப் போற்றும் நூல் நடையில் எளிமையாக இல்லை என்பது கருதத்தக்க முரண்.

இக்குறைகளுக்கு நடுவிலும் இரட்சணிய சரிதப் படலம் தமிழிலக்கியத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக நிற்கிறது. தேர்வுக்காகச் சில பாடல்களைப் படிக்கும் மாணவர்கள் அணியும் இலக்கணக் குறிப்பும் கண்ட பின், ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது நல்லது: கட்டுண்டு நிற்பவர் ஏன் அமைதியாக இருக்கிறார்? அவ்வினாவோடு படித்தால் படலம் முழுவதும் விளங்கும். அடுத்து, காப்பியத்தின் தேவாரப் பாடல்களைத் தனியே எடுத்து வாய்விட்டுப் படிக்கலாம். விருத்தங்களில் கிடைக்காத நெருக்கம் அவற்றில் கிடைக்கும்.

தாழ்மை மகிழ்ச்சி தரும் என்ற கூற்றை அறிவுரையாகச் சொன்னவர் பலர். கிருஷ்ண பிள்ளை அதற்குக் காரணம் காட்டுகிறார். இறைவன் முதலில் இறங்கி வந்துவிட்டதால் மனிதன் அவரைக் காண ஏற வேண்டியதில்லை, இறங்கினால் போதும். இறங்கிய இடத்தில் அவர் இருக்கிறார் என்ற கண்டுபிடிப்பே பயணியின் மகிழ்ச்சி. ஆழ்வார்களிடம் வளர்ந்து சிலுவையிடம் வந்த ஒரு திருநெல்வேலிக் கவிஞர் இதைத் தமிழின் பழைய கயிற்றைக் கொண்டே கட்டிக் காட்டினார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை உள்ளது.